கட்டுரை என்னும் சொல் வந்த வழி



இந்த இலக்கியத் தொடரிலே இம்முறை ஒரு புலவரைப் பற்றியோ ஒரு காப்பியத்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. கட்டுரை, பந்தி, முன்னுரை, உரைநடை, நாவல் என்று பள்ளிக்கூடத்திலே நாம் எல்லோரும் பழகிய சில சொற்களைப் பற்றியே பேசப் போகின்றேன். பரீட்சைக்காக வரைவிலக்கணம் பாடமாக்கி, மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகின்ற சொற்கள் இவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரிந்தால் எழுதுகின்ற கைக்கு அது உதவும் என்பதே நான் சொல்ல விரும்புவது.

என்னை இந்த ஆராய்ச்சியிலே இறக்கிவிட்டது ஒரு தவறு. தவறு மாணவனுடையதன்று, என்னுடையது.

2009 இற்குப் பின்னர், இடம்பெயர்ந்த மக்கள் தத்தம் ஊர்களுக்குப் படிப்படியாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பத்தாந் தர மாணவர்களுக்கு 'நீ அறிந்த புதினம் ஒன்று' என்ற தலைப்பிலே கட்டுரை எழுதும்படி சொன்னேன். தமிழகத்திலே அச்சான பயிற்சி நூலொன்றிற் கண்ட தலைப்பு அது. புதினம் என்றால் நாவல் என்று முதல்நாள் வகுப்பிலே விளக்கியும் இருந்தேன். முதல்நாள் வகுப்புக்கு வராத ஒரு மாணவன் எந்த நாவலைப் பற்றியும் எழுதவில்லை. பல ஆண்டுகளாகப் போக முடியாதிருந்த தங்கள் ஊருக்கு அம்மம்மா போய்வந்து சொன்ன புதினத்தை எழுதியிருந்தான். கிணறு இருக்கிறது, கிணற்றடி வேம்பு நிற்கிறது, வீடு மட்டும் இல்லை. அம்மம்மா அந்த வேம்பிலே ஒரு கொத்து முறித்து வந்து, அவர்கள் இருந்த வாடகை வீட்டுக் குசினியிலே செருகி வைத்திருக்கிறா. இலை காய்ந்த பிறகும் அதை எறிய விடுகிறா இல்லை. அவ்வளவுதான் கட்டுரை, ஒன்றரைப் பக்கம். நான் சிவப்பு மையினால் 'தலைப்பு விளங்கவில்லை' என்று எழுதி, 20 இற்கு 5 புள்ளி போட்டேன். கொப்பியை வாங்கிப் பார்த்த பிள்ளை, "சேர், புதினம் எண்டால் புதினந்தானே?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயம். யாழ்ப்பாணத்திலே புதினம் என்றால் செய்தி. தெருவிலே கண்டவரை "என்ன புதினம்?" என்று விசாரிப்பது நமது வழக்கு. நாவலுக்குப் புதினம் என்ற பெயர் கடலுக்கு அப்பால் ஆக்கப்பட்டது. புதுமை என்ற பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து பிறந்தது ஆங்கில நாவல். ஆகவே புதுமைப் பொருள் தரும் தமிழ்ச் சொல்லை அங்குள்ளோர் அதற்கு இட்டனர். இதிலே ஒரு வியப்பும் உண்டு. நாவல் என்ற சொல்லுக்கு உறவான இத்தாலியச் சொல் நொவெல்லா. அது புதுச் செய்தி என்றும் பொருள்பட்டது. கதை என்றும் பொருள்பட்டது. ஐரோப்பாவிலும் புதினம் சொல்லப் போனதிலிருந்தே புதினம் பிறந்திருக்கிறது! அந்த மாணவன் தன்னை அறியாமலே சொல்லின் வேரிலே கால் வைத்து நின்றான்.

புதிய இலக்கிய வகை ஒன்று வரும்போது அதற்குப் பெயரிடுவது இலகுவான காரியமன்று. 1879 இலே மாயூரம் வேதநாயகம் பிள்ளை வெளியிட்ட முதல் தமிழ் நாவலின் பெயர் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அதற்கு ஆறாண்டுகளின் பின், 1885 இலே, கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை வெளியிட்ட ஈழத்தின் முதல் நாவல் அசன்பேயின் கதையைச் சொல்வது. 1891 இலே திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதியது 'ஊசோன் பாலந்தை கதை'. சரித்திரம், கதை என்று மக்களுக்குப் பழகிய பெயர்களையே முன்னோர் முதலில் இட்டனர். பின்னரே நாவல் என்ற வந்தேறு சொல் நம்மிடையே குடிகொண்டது. பேராசிரியர் கைலாசபதி 1968 இலே வெளியிட்ட தமது ஆய்வு நூலுக்குத் 'தமிழ் நாவல் இலக்கியம்' என்றே பெயரிட்டார். புதினத்தைச் செய்திக்கு விட்டுவிட்டு, நாவலை நாவல் என்றே வழங்குவது நமக்கு வசதியாயிற்று.

இனிக் கட்டுரைக்கு வருவோம்.

கட்டுரை என்பது மேனாட்டுக் கல்வியோடு வந்த வடிவம், அதன் பெயரும் அண்மையில் ஆக்கப்பட்டது என்று பலர் எண்ணுவர். வடிவம் பிந்தியது, சொல்லோ மிகப் பழையது. சிலப்பதிகாரத்தைத் திறந்தால் பதிகத்தை அடுத்து 'உரைபெறு கட்டுரை' என்று ஒரு சிறு பகுதி நம்மை வரவேற்கும். அது பாட்டன்று, உரை. கண்ணகிக்குப் பின்னர் எந்தெந்த நாட்டினர் அவளுக்கு விழா எடுத்தனர், எங்கெங்கே மழை பெய்து நாடு செழித்தது என்ற செய்தியை அது சுருக்கமாகச் சொல்கின்றது. பாண்டிய நாடு, கொங்கு நாடு, சோழ நாடு என்ற வரிசையிலே நமது நாட்டின் பெயரும் வருகின்றது. கண்ணகிக்குப் பலிபீடம் அமைத்த இலங்கை வேந்தன் கயவாகு அங்கே இடம்பெறுகின்றான். மகாவம்சம் கூறும் முதலாம் கஜபாகுவே இவன் எனக் கொண்டு, அதை வைத்தே பழந்தமிழ் நூல்களின் காலத்தைக் கணித்த அறிஞர் பலர். இப்பகுதி பின்னாளிலே சேர்க்கப்பட்டது எனக் கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், கட்டுரை என்று பெயர் பெற்ற பழைய தமிழ் உரைப்பகுதி ஒன்றிலே இலங்கை இருக்கின்றது என்பதை நம் மாணாக்கர் அறிந்திருப்பது நல்லது.

அதே காப்பியத்திலே மதுரைக் காண்டத்தில் 'கட்டுரை காதை' என்றொரு காதையும் உண்டு. மதுரையின் காவற்றெய்வம் கண்ணகி முன் தோன்றி, நடந்தவற்றுக்கெல்லாம் காரணமான பழைய கதையை எடுத்துரைக்கின்ற இடம் அது. காண்டங்களின் முடிவிலும் கட்டுரை என்ற பகுதி வந்து, சொன்னவற்றைத் தொகுத்து நிறுத்துகின்றது. இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், அக்காலத்திலே கட்டுரை என்பது வாய்போன போக்கிலே பேசுவதன்று, பொருள் பொதிய உறுதிபடச் சொல்லும் சொல் என்பது விளங்கும். கட்டுரை என்பதை வினைத்தொகையாகக் கொண்டால் கட்டிய உரை, கட்டுகின்ற உரை, கட்டும் உரை என மூன்று காலத்துக்கும் அது பொருந்தும். பூவை நாரிலே கட்டுவது போல, வீட்டுக்குச் சுவர் கட்டுவது போல, சொல்லைக் கட்டுவது.

இன்று நாம் எழுதும் கட்டுரையின் தாய் வடிவம் பிரான்சிலே பிறந்தது. மொந்தேன் என்பார் 1580 இலே தம் எண்ணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது 'எஸ்ஸே' என்று பெயரிட்டார். முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்பதே அச்சொல்லின் பொருள். எல்லாம் தெரிந்தவராக அவர் எழுதவில்லை. ஒரு பொருளை எடுத்து இப்படித் திருப்பிப் பார்ப்போம், அப்படித் திருப்பிப் பார்ப்போம் என்று முயன்றார். 1597 இலே ஆங்கிலத்திற் பேக்கன் அதே பெயரிலே தமது கட்டுரைகளை வெளியிட்டார்.

அந்த வடிவம் நம்மவர் கைக்கு வந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்குப் பெரிதும் வழங்கிய பெயர் வியாசம். தெலுங்கிலே இன்றும் அதுதான் பெயர். வடமொழியிலே சமாசம் என்றால் தொகுத்தல்; வியாசம் என்றால் அதற்கு மாறாக விரித்தல். நம் இலக்கணத்திலே தொகை, விரி என்று படிக்கிறோமல்லவா, அதுவே. ஒரு சிறு கருத்தை எடுத்து விரித்துரைப்பது என்ற பொருளிலே அப்பெயர் பொருந்திற்று. பின்னர் தனித்தமிழ் உணர்ச்சி ஓங்கிய காலத்திலே வியாசம் மெல்ல ஒதுங்கி, கட்டுரை அவ்விடத்திலே வந்து அமர்ந்தது. ஆங்கில அறிஞர் அடிசனின் கட்டுரைகளைத் தழுவி மறைமலையடிகள் எழுதிய நூலுக்குச் 'சிந்தனைக் கட்டுரைகள்' என்பதே பெயர்.

நேயர்களே, இங்கே சற்று நின்று யோசிப்போம். ஒரே வடிவத்துக்கு மூன்று பெயர். பிரெஞ்சுக்காரர் முயல்தல் என்றார். வடமொழி விரித்தல் என்றது. தமிழ் கட்டுதல் என்றது. எது சரி? மூன்றும் சரி. இன்னும் சொன்னால், மூன்றும் வேண்டும். முயலாது எழுதினால் பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்வோம். விரிக்காது எழுதினால் தலைப்பையே பத்து வாக்கியங்களிற் சுற்றிச் சுற்றி எழுதுவோம். கட்டாது எழுதினால் நல்ல கருத்துகளும் நாரில்லாப் பூப்போல உதிர்ந்துவிடும். 'கட்டுரை என்றால் என்ன?' என்ற வினாவுக்கு மாணவர் பாடமாக்கும் எந்த வரைவிலக்கணத்தையும்விட, இந்த மூன்று பெயர்களும் கூடுதலாகக் கற்பிக்கின்றன என்று நான் எண்ணுகின்றேன்.

அடுத்து உரைநடை. தமிழிலே பழங்காலத்தில் எல்லாம் பாட்டுத்தான், உரைநடை வெள்ளைக்காரர் தந்தது என்று சொல்வது பாதி உண்மை. தொல்காப்பியர் செய்யுளியலிலே செய்யுள் வகைகளை எண்ணும்போது பாட்டோடு உரையையும் சேர்த்தே எண்ணுகின்றார். நூல், பிசி, அங்கதம், முதுசொல் முதலியனவும் அக்கணக்கிலே வருகின்றன. பிசி என்பது நாம் நொடி என்றும் விடுகதை என்றும் சொல்வது. முதுசொல் என்பது பழமொழி. அதுமட்டுமன்று, உரையை நான்காக வகுத்து, பாட்டின் நடுவே வருவது, பாட்டின்றித் தனித்து வருவது, இல்லாததைப் புனைந்து கூறுவது, நகைச்சுவைபடக் கூறுவது என்று அவர் வேறுபடுத்துகின்றார். புனைகதைக்கும் நகைச்சுவைக்கும் அங்கேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. இடம் இருந்தது, அதிலே வந்து குடியேறுவோர்தாம் பல நூற்றாண்டுகளாகக் குறைவாக இருந்தனர். இலக்கண இலக்கியங்களுக்கு உரைகண்ட ஆசிரியர்களின் கையிலேயே தமிழ் உரை பெரும்பாலும் தங்கியிருந்தது.

அந்த நிலையை மாற்றியது அச்சு. வீரமாமுனிவர் 18 ஆம் நூற்றாண்டிலே பரமார்த்த குருவின் கதையை எளிய நடையிலே எழுதினார். நமது நாட்டிலே 1841 இல் அமெரிக்க மிஷனரிமார் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கினர். பத்திரிகைக்கு வெண்பா பாடிச் செய்தி சொல்ல முடியாது; உரைநடை வேண்டியதாயிற்று. இந்தச் சூழலிலே வளர்ந்தவர்தாம் நல்லூர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்ற அவர், 1848 இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கற்பிக்கப் பள்ளிக்கூடம் கிடைத்தது. கையிலே கொடுக்கப் புத்தகம் இல்லை. ஆகவே தாமே அச்சுக்கூடம் நிறுவிப் பாலபாடங்களை எழுதினார். பெரியபுராணத்தைப் பாட்டாகப் படிக்க இயலாதோருக்கு 1852 இலே பெரியபுராண வசனத்தைத் தந்தார். அவரை வசனநடையிலே வல்லவர் என்று பரிதிமாற் கலைஞர் போற்றினார். அக்காலத்திலே உரைநடைக்கு வழங்கிய பெயர் வசனம் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இன்றோ வசனம் என்ற சொல், நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதும் உரையாடலாகச் சுருங்கிவிட்டது. சொற்களும் வீடு மாறுகின்றன.

நாவலரின் அச்சுப் புத்தகங்களிலே இன்னொரு புதுமையும் இருந்தது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய நிறுத்தக் குறிகளை அவர் முறையாகக் கையாண்டார். இன்று நமக்கு இது சிறிய விடயமாகத் தோன்றும். ஏட்டுச் சுவடியைப் பார்த்தவருக்கே இதன் பெருமை விளங்கும். ஓலையிலே மெய்யெழுத்துக்குக்கூடப் பெரும்பாலும் புள்ளி இராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடார். ஒரு கருத்து எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கிற்று என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும். ஏட்டிலே பந்தி என்பதே இல்லை.

பந்தி என்றதும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நாம் பந்தி என்பதைத் தமிழகத்தார் பத்தி என்பர். இரண்டும் வரிசை என்ற பொருளுடைய பங்க்தி என்னும் வடசொல்லின் திரிபுகளே. நம் நாட்டுப் பத்திரிகைகளிலே பத்தி என்பது வாராவாரம் ஒருவர் எழுதும் தனிப்பகுதியைக் குறிக்கும். பத்தி எழுத்தாளர் என்பது அதனால் வந்தது. எனக்குப் பந்தி என்ற சொல்லிலே தனி விருப்பம் உண்டு. கலியாண வீட்டிலே முதற்பந்தி, இரண்டாம் பந்தி என்று இருத்துவார்கள். ஒரு பந்தியில் இருப்போர் ஒன்றாக இருந்து ஒன்றாக எழும்புவர். நடுவிலே ஒருவர் வந்து புகுந்தால் பரிமாறுகிறவருக்குக் குழப்பம். கட்டுரைப் பந்தியும் அப்படியே. ஒரு கருத்துக்கு உறவான வாக்கியங்களே ஒரு பந்தியில் இருக்க வேண்டும். முதற்பந்தி எழும்பிய பின்னரே அடுத்த பந்தியை இருத்த வேண்டும். இவ்வளவையும் அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகின்றது.

முன்னுரை என்பதற்குப் பழைய பெயர் பாயிரம். நன்னூல் அதற்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம் முதலாக ஏழு பெயர்களைத் தருகின்றது. நூலாசிரியர் பெயர், நூலின் பெயர், வந்த வழி, வழங்கும் எல்லை, எடுத்துக்கொண்ட பொருள், அதைக் கேட்பதற்கு உரியவர், கேட்பதால் வரும் பயன் முதலியவற்றைச் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டும் என்பது விதி. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதனால் பாயிரத்தைப் பிறரே செய்தனர். இன்றும் அணிந்துரையைப் பிறரிடம் வாங்கும் வழக்கம் அதன் மிச்சமே. மாணவர்களின் முன்னுரைகளைப் பாருங்கள். 'இன்றைய நவீன உலகிலே' என்று தொடங்கி, எந்தத் தலைப்புக்கும் பொருந்தக்கூடிய நான்கு வரிகள் இருக்கும். எதைச் சொல்லப் போகிறேன், யாருக்குச் சொல்லப் போகிறேன், கேட்டால் என்ன பயன் என்ற பாயிரத்தின் மூன்று வினாக்களுக்கு விடை எழுதினாலே நல்ல முன்னுரை அமைந்துவிடும்.

அதே நன்னூல் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் கூறுகின்றது. குன்றக் கூறல் என்பது வேண்டியதிலும் குறையச் சொல்வது. மிகைபடக் கூறல் அதற்கு எதிர். மாறுகொளக் கூறல் என்பது முன் சொன்னதைப் பின் மறுப்பது. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது மற்றொன்று விரித்தல். நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது சென்றுதேய்ந்து இறுதல். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் பவணந்தி முனிவர் எழுதிய இக்குற்றங்களைவிடச் சிறந்த புள்ளித்திட்டம் ஒன்றை நான் கண்டதில்லை. நன்னூலைப் பதிப்பித்த நாவலரே நவீன உரைநடையை வளர்த்தார் என்பது தற்செயலன்று. பழைய சொற்களைத் தெரிந்திருந்தபடியாலேதான் புதிய பாதையிலே அவராற் பிசகாமல் நடக்க முடிந்தது.

இனி அந்த மாணவனின் கொப்பிக்குத் திரும்புவோம். அன்றிரவு அதை மீண்டும் எடுத்துப் படித்தேன். குன்றக் கூறல் இல்லை, மிகையும் இல்லை. கிணறு, வேம்பு, வீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக விரித்திருந்தான். அம்மம்மா ஏன் அந்தக் காய்ந்த கொத்தை எறிய விடவில்லை என்று தனக்குத் தெரிந்த அளவில் யோசித்தும் பார்த்திருந்தான், அதுவே முயற்சி. தொடக்கத்திலே சொன்ன வேம்பை முடிவிலே கொண்டுவந்து கட்டியுமிருந்தான். மற்றப் பிள்ளைகளிற் பலர் நாவலைப் பற்றி எழுதியவை, எனது குறிப்பையே வசனம் மாற்றி எழுதியவை. அவற்றுக்கு நான் பதினான்கும் பதினைந்தும் போட்டிருந்தேன். ஒரு சொல்லின் ஒரு பொருளை மட்டும் அறிந்த ஆசிரியன், அதன் மறுபொருளை வீட்டிலே கற்று வந்த பிள்ளையைப் பிழை என்று வெட்டியிருக்கிறான்.

அடுத்தநாள் வகுப்பிலே அந்தக் கட்டுரையை நானே வாசித்தேன். தலைப்பை விளங்காதது நான்தான் என்று சொல்லி, 5 ஐ வெட்டி 18 போட்டேன். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை வாங்கிப் பையிலே வைத்துக்கொண்டான்.

நமது சொற்கள் பல ஊர்களிலே தங்கி, பல காலங்களைக் கடந்து நம்மிடம் வந்தவை. கடலுக்கு இப்பால் ஒரு பொருளும் அப்பால் ஒரு பொருளும் அவற்றுக்கு இருக்கலாம். எது தூய்மையானது என்று சண்டை பிடிப்பதிலும், இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் நல்லது. உங்கள் வீட்டிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், கட்டுரை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வரைவிலக்கணத்தை ஒப்புவித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "சரி, இன்றைக்கு என்ன புதினம்? அதை ஒரு பக்கத்தில் எழுது பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.